முடிச்சும் அவிழ்ப்பும்: மாப்பசானின் 'வைர அட்டிகை' வழியே ஒரு கதைப்பின்னல் பாடம்

அரபுக் கல்லூரிகளில் நவீன அரபு உரைநடையைப் பாடமாக நடத்துவோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். சிறுகதை ஒன்றின் எந்த வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தாலும் மாணவர் அதன் எழுவாய், பயனிலை, இஃராபுக் குறிகள் அனைத்தையும் பிழையின்றிச் சொல்லிவிடுவார். நஹ்வும் ஸர்ஃபும் அவருக்கு நாவின் நுனியில் நிற்கும். ஆனால், "இந்த நிகழ்ச்சி ஏன் நேர்ந்தது? இதை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால் மௌனமாகிவிடுவார். வாக்கியத்தின் கட்டுமானத்தைக் கற்பித்த நாம், நிகழ்ச்சிகளின் கட்டுமானத்தைக் கற்பிக்காமல் விட்டதே இதற்குக் காரணம்.

நிகழ்ச்சிகளின் கட்டுமானத்தைத் தமிழில் கதைப்பின்னல் என்கிறோம். அரபியில் அது 'ஹப்கா'. இரு மொழிகளும் நெசவுத் தொழிலிலிருந்தே இச்சொல்லைப் பெற்றுள்ளமை கருதத்தக்கது. 'ஹபக' என்றால் இறுக்கமாகவும் அழகாகவும் நெய்தான் என்று பொருள். அத்தாரியாத் அத்தியாயத்தின் 7ஆவது வசனம் வானத்தை வருணிக்கும் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அதற்குப் 'பாதைகள்' என்றும், 'செம்மையான நெய்வு' என்றும் விரிவுரையாளர்கள் பொருள் உரைத்துள்ளனர். நூல்கள் அருகருகே கிடப்பதால் மட்டும் துணி ஆகிவிடாது. ஒன்றின் மேலும் கீழுமாக ஒன்று ஓடிப் பிணைய வேண்டும். நிகழ்ச்சிகளும் அவ்வாறே.

இந்தப் பிணைப்பை விளக்குவதற்கு நாம் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் கதை, பிரெஞ்சு எழுத்தாளர் கீ த மாப்பசான் எழுதிய 'வைர அட்டிகை'. அரபியில் இது 'அல்இக்து' என்று வழங்கும். 1884 பிப்ரவரி 17ஆம் நாள் பாரிஸின் 'லெ கோலுவா' நாளிதழில் இக்கதை வெளிவந்தது. மறு ஆண்டே ஒரு தொகுப்பிலும் இடம்பெற்றது.

பிரெஞ்சுக் கதைக்கு இங்கே என்ன வேலை?

அரபு வகுப்பில் பிரெஞ்சுக் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நவீன அரபுச் சிறுகதையின் பிறப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. எகிப்தின் முஹம்மது தைமூர் 1917இல் எழுதிய 'ஃபில் கிதார்' (இரயிலில்) என்னும் கதையை அரபியின் முதல் நவீனச் சிறுகதையாகப் பலர் கணிக்கின்றனர். அவர் பிரான்சில் பயின்றவர். அவருடைய தம்பி மஹ்மூது தைமூர் மாப்பசானைத் தம் முன்னோடியாகக் கொண்டவர். 'எகிப்தின் மாப்பசான்' என்றே அழைக்கப்பட்டவர். எனவே மாப்பசானைப் படிப்பது நவீன அரபுக் கதைக்கலையின் ஊற்றுகளுள் ஒன்றைக் காண்பதேயாகும்.

புனைகதையே தேவையா என்று கேட்போரும் உளர். நம் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் 'மகாமாத்' நூலின் ஆசிரியர் ஹரீரீ (1054-1122), தம் முன்னுரையிலேயே இந்த வினாவை எதிர்கொண்டு, படிப்பினை நோக்கிய கற்பனையில் குற்றமில்லை என்று வாதிட்டுள்ளார். நாம் புதிதாகச் சேர்ப்பதற்கு எதுவுமில்லை.

மாப்பசான் (1850-1893) தாம் எழுதிய உலகை உள்ளிருந்து அறிந்தவர். முதலில் கடற்படை அமைச்சகத்திலும், பின்னர்க் கல்வி அமைச்சகத்திலும் எழுத்தராக வேலை பார்த்தவர். இக்கதையின் கணவனும் கல்வி அமைச்சகத்து எழுத்தரே.

கதை

மத்தில்து அழகி, எழுத்தர் குடும்பத்தில் பிறந்தவள். வரதட்சிணை கொடுக்க வழியில்லாததால் லுவசேல் என்னும் சிறிய எழுத்தருக்கு வாழ்க்கைப்பட்டாள். தன் வீட்டின் வறிய சுவர்களையும் நைந்த நாற்காலிகளையும் காணும்போதெல்லாம் மனம் புழுங்குவாள். ஒருநாள் கணவர், அமைச்சர் அளிக்கும் மாலை விருந்துக்கான அழைப்பிதழை அரும்பாடுபட்டுப் பெற்று வருகிறார். மகிழ்வாள் என்று எதிர்பார்த்தவர்முன் அவள் அழுகிறாள்; உடுத்த உடையில்லை. வேட்டைத் துப்பாக்கி வாங்கத் தாம் சேர்த்துவைத்திருந்த 400 பிராங்கை அவர் உடைக்காகத் தந்துவிடுகிறார். உடை வருகிறது, அணிய நகையில்லை. பத்து பிராங்குக்கு இரண்டு மூன்று உயர்ந்த ரோஜாக்கள் கிடைக்குமே என்கிறார் கணவர். செல்வச் சீமாட்டிகளிடையே ஏழையாகத் தோன்றுவதைவிட இழிவு வேறில்லை என்று அவள் மறுக்கிறாள். பிறகு பள்ளித் தோழியான ஃபொரெஸ்தியே சீமாட்டியிடம் சென்று, கறுப்புப் பட்டுப் பேழையிலிருந்த வைர அட்டிகையை இரவல் பெறுகிறாள்.

விருந்தில் அவளே அனைவரிலும் அழகி. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படும்போது கணவர் அவளது எளிய மேலாடையைத் தோளில் போர்த்துகிறார். உயர்ந்த உரோம ஆடை அணிந்த பெண்கள் அதைக் கண்டுவிடுவார்களே என்று அவள் விரைந்து படியிறங்கி ஓடுகிறாள். வண்டி கிடைக்காமல் ஆற்றங்கரை வரை நடந்து, பழைய வண்டியொன்றில் வீடு சேர்கிறார்கள். கண்ணாடிமுன் நின்று பார்த்தால், கழுத்தில் அட்டிகை இல்லை.

கணவர் நடந்த வழியெல்லாம் தேடுகிறார். காவல்துறை, செய்தித்தாள், வண்டி நிறுவனங்கள் என எங்கும் அலைகிறார். தோழிக்கோ, கொக்கி உடைந்துவிட்டது, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று கடிதம் எழுதச் செய்கிறார். ஒரு வாரம் கழிகிறது. பேழையில் பெயர் பொறித்திருந்த நகை வணிகரிடம் செல்கிறார்கள். அவர் தம் கணக்கேடுகளைப் புரட்டிவிட்டு, அந்த அட்டிகையை விற்றது தாம் அல்லர், பேழையை மட்டுமே தந்திருக்கலாம் என்கிறார். பல கடைகள் ஏறி இறங்கி, அதைப் போன்றே ஒன்றைக் காண்கிறார்கள். விலை 40,000 பிராங்கு. 36,000க்குத் தர வணிகர் இசைகிறார். தந்தை விட்டுச் சென்ற 18,000 பிராங்கு கணவரிடம் உண்டு. எஞ்சியதை வட்டிக்காரர்களிடமும் பிறரிடமும் கடன் வாங்கிப் பத்திரங்களில் கையொப்பமிடுகிறார்.

தோழி அட்டிகையைப் பெற்றுக்கொண்டு, இன்னும் விரைவில் தந்திருக்கலாமே என்று சற்றுக் கடுமையாகச் சொல்கிறாள். பேழையைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகு பத்து ஆண்டுகள். வேலைக்காரியை நிறுத்திவிட்டு, கூரையடி அறைக்குக் குடிபெயர்கிறார்கள். மத்தில்து பாத்திரம் துலக்குகிறாள், துணி வெளுக்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், காசு காசாகப் பேரம் பேசுகிறாள். கணவர் இரவில் பக்கத்துக்கு ஐந்து சூ கூலிக்குப் படியெடுக்கிறார். கடன் முழுதும் தீர்கிறது. அவள் இளமையும் தீர்ந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா வீதியில், இன்னும் இளமை மாறாத தோழியைச் சந்திக்கிறாள். தோழிக்கு அடையாளம் தெரியவில்லை. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று மத்தில்து எல்லாவற்றையும் சொல்கிறாள். சொல்லும்போது ஒரு பெருமிதப் புன்னகையும் அரும்புகிறது. தோழி அவள் கைகளைப் பற்றிக்கொண்டு, தன் அட்டிகை போலியானது, மிஞ்சினால் 500 பிராங்குதான் பெறும் என்கிறாள். கதை அங்கேயே முடிகிறது.

'பிறகு' என்பதும் 'ஆகவே' என்பதும்

கதையை வாசித்து முடித்ததும் மாணவர்களை அதன் நிகழ்ச்சிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொல்வோம். பன்னிரண்டு, பதினைந்து வரிகள் வரும். அடுத்து, இரு வரிகளுக்கிடையே 'பிறகு' பொருந்துமா, 'ஆகவே' பொருந்துமா என்று கேட்போம். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் இடையே காட்டிய வேறுபாடு இதுவே. கால வரிசை மட்டும் இருந்தால் அது கதை. காரண காரியத் தொடர்பும் இருந்தால் அது பின்னல்.

இப்பயிற்சியில் மாணவர்கள் தாமாகவே ஒன்றைக் கண்டடைவர். அட்டிகை தொலைந்தது தற்செயல் என்றுதான் முதலில் எழுதுவர். ஆனால் அவள் ஏன் விரைந்து ஓடினாள்? எளிய மேலாடையைப் பிறர் காண்பதற்கு நாணினாள். அட்டிகையை ஏன் இரவல் வாங்கினாள்? ஏழையாகத் தோன்ற நாணினாள். தொலைந்ததை ஏன் மறைத்தாள்? அதற்கும் நாணமே காரணம். ஆக, இரவல், இழப்பு, மறைப்பு ஆகிய மூன்றும் ஒரே நூலின் மூன்று ஓட்டங்கள். தற்செயலுக்கு ஆசிரியர் விட்டுவைத்த இடம் மிகச் சிறிது.

அடுத்தது நீக்கிப் பார்க்கும் சோதனை. ரோஜாப் பூக்களை நீக்கினால் கதை விழுமா? விழாது. ஆயினும் அவை, அவளுக்கு வேறொரு வாயில் திறந்திருந்தது என்பதையும், அதை அவளே அடைத்தாள் என்பதையும் காட்டுகின்றன. கொக்கி உடைந்ததாக எழுதிய பொய்க் கடிதத்தை நீக்கினால்? கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்! நாலு வரிக் கடிதமே பத்தாண்டுத் துன்பத்தின் அச்சாணி என்று உணரும்போது மாணவர் முகங்களில் தோன்றும் வியப்பே ஆசிரியருக்குக் கிடைக்கும் ஊதியம்.

ஒரே வேரில் நான்கு சொற்கள்

கதையில் சிக்கல் இறுகும் இடத்தை அரபுத் திறனாய்வாளர்கள் 'உக்தா' என்பர். முடிச்சு என்பது பொருள். அது தீரும் இடம் 'ஹல்', அவிழ்ப்பு. சமுதாயத்தின் பொறுப்பாளர்களை 'அஹ்லுல் ஹல்லி வல்அக்து' என்று நம் முன்னோர் குறித்ததை வாசகர்கள் அறிவர். அவிழ்க்கவும் முடியவும் அதிகாரம் பெற்றவர்கள் அவர்கள். அதே இணைச் சொற்கள்தாம் கதைக்கலைக்கும் வந்து சேர்ந்துள்ளன.

இக்கதையை அரபியில் பாடம் நடத்துவதில் ஒரு தனி இன்பம் உண்டு. அட்டிகை 'இக்து'. சிக்கல் 'உக்தா'. கடனுக்காகக் கையொப்பமிடும் ஒப்பந்தம் 'அக்து'. பத்தாண்டுக் காலமும் 'அக்து'. நான்கும் ஐன், காஃப், தால் என்னும் ஒரே மூவெழுத்து வேரின் கிளைகள். அட்டிகை முடிச்சாகி, முடிச்சு ஒப்பந்தமாகி, ஒப்பந்தம் பத்தாண்டாக நீளும் கதையை ஒரு வேர்ச்சொல்லே சொல்லிவிடுகிறது. பிரெஞ்சு மொழியில் எழுதியவர் இதை எண்ணியிருக்க வழியில்லை. ஆயினும் ஒருமுறை கேட்ட மாணவர் கதையின் கட்டுமானத்தை மறப்பதில்லை.

படிநிலைகளும் அவற்றின் எல்லையும்

கதையின் தொடக்கம், சிக்கலின் ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்னும் ஐந்து படிநிலைகள் பாடநூல்களில் கூம்பு வடிவில் வரையப்பட்டிருக்கும். ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் வெளியிட்ட நூலில் வகுத்தது இது. அவர் நாடகத்துக்காகவே இதனை வகுத்தார், சிறுகதைக்காக அன்று. இதை மறந்து எல்லாக் கதைகளையும் அக்கூம்புக்குள் திணிக்கும் வழக்கம் பரவிவிட்டது.

'வைர அட்டிகை'யின் உச்சம் எது என்று கேட்டால் வகுப்பு மூன்றாகப் பிரியும். விருந்து என்பர் சிலர். கண்ணாடிமுன் இழப்பை உணரும் கணம் என்பர் சிலர். இறுதி வரி என்பர் பலர். கூம்பின்படி பார்த்தால், வாழ்வின் போக்கு திரும்பும் இழப்பின் கணமே உச்சம், பத்தாண்டுகள் இறக்கம், கடன் தீர்வது முடிவு. ஆனால் எல்லாம் அவிழ்ந்துவிட்டது என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில், நாம் அறியாத இன்னொரு முடிச்சு இருந்தது தெரியவருகிறது. கூம்பு இங்கே போதாது.

இதற்கு அரிஸ்டாட்டில் தந்த இரு கருத்துகள் மிகவும் உதவும். ஒன்று நிலைமாற்றம், மற்றொன்று அறிந்துகொள்ளல். அவருடைய 'கவிதையியல்' நூலை அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் (மறைவு 940) சுர்யானி மொழியிலிருந்து அரபிக்குப் பெயர்த்தார். கிரேக்க நாடக மரபு கண்முன் இல்லாத நிலையில் அவர் துன்பியல் நாடகத்தை 'மதீஹ்' (புகழ்ப்பா) என்றும், இன்பியல் நாடகத்தை 'ஹிஜா' (வசைப்பா) என்றும் மொழிபெயர்த்தார். இப்னு ருஷ்தும் (மறைவு 1198) தம் விளக்கவுரையில் அவ்வழியே சென்றார். பெயர்கள் மாறினாலும் நிலைமாற்றத்தை 'இதாரா' என்றும், அறிந்துகொள்ளலை 'இஸ்தித்லால்' என்றும் அரபு அறிஞர்கள் விவாதித்தே வந்தனர்.

நம் மாணவர்களுக்கு அறிந்துகொள்ளல் புதியதன்று. ஹரீரீயின் ஐம்பது மகாமாக்களில் பெரும்பாலானவை எவ்வாறு முடிகின்றன? நாவன்மையால் கூட்டத்தை மயக்கிப் பொருள் பறித்த அந்நியர், அபூ ஸைத் ஸரூஜியே என்பதை ஹாரிஸ் இப்னு ஹம்மாம் கண்டுகொள்கிறார். மகாமாவில் கண்டறியப்படுவது ஒரு மனிதர். மாப்பசானில் கண்டறியப்படுவது ஒரு பொருளின் மதிப்பு. அங்கே சிரிக்கிறோம்; இங்கே சிரிக்க முடிவதில்லை. நிலைமாற்றமும் அறிந்துகொள்ளலும் ஒரே வரியில் நேர்ந்துவிடுவதே இக்கதையின் வலிமை.

அந்த வரி திடீரென வானிலிருந்து விழவில்லை என்பதையும் காட்ட வேண்டும். இரண்டாம் வாசிப்பில் மூன்று தடயங்கள் புலப்படும். விலையுயர்ந்த வைரமென்றால் தோழி அதை ஒரு தயக்கமுமின்றிக் கொடுத்திருப்பாளா? பேழை ஒரு வணிகருடையது, அட்டிகை அவருடையதன்று என்றால் என்ன பொருள்? திருப்பித் தந்ததைத் திறந்தும் பாராதவள் அதை எவ்வளவு மதித்திருப்பாள்? முதல் வாசிப்பில் கண்ணில் படாமலும், இரண்டாம் வாசிப்பில் மறைய முடியாமலும் தடயங்களை வைப்பதே பின்னலின் நுட்பம்.

ஃபிக்ஹு வகுப்பிலிருந்து ஒரு கேள்வி

ஓராண்டு, இக்கதையை ஃபிக்ஹு நூலின் 'ஆரிய்யத்' (இரவல்) பாடத்தோடு இணைத்துப் பார்த்தோம். இரவல் பொருள் தொலைந்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி, அனுமதித்த பயன்பாட்டினால் அழிந்ததாக இல்லாதவரை, இரவல் பெற்றவரே பொறுப்பாளி. ஹனஃபீ மத்ஹபின்படி அது அமானிதம். வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் பொறுப்பு. பொறுப்பு என்று வரும்போது இரு தரப்பிலும் எழும் கேள்வி ஒன்றே: பொருளின் மதிப்பு என்ன?

அந்தக் கேள்வியைத்தான் கதையில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை 500 பிராங்கு. கணவர் துப்பாக்கிக்குச் சேர்த்த தொகையைவிட நூறு பிராங்கே கூடுதல்! கேளாததால் கொடுத்தது 36,000, எழுபத்திரண்டு மடங்கு. சட்டநூல் ஒரே வரியில் கேட்டுவிடும் கேள்வியைக் கேட்கத் துணியாத மனமே இக்கதையின் முடிச்சு.

இன்னும் ஒன்று எஞ்சுகிறது. உண்மை தெரிந்தபின், தோழியிடமுள்ள அசல் வைர அட்டிகை யாருக்கு உரியது? கதை அதைச் சொல்லவில்லை. மாணவர்கள் அன்று மணியடித்த பின்னும் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

நாம் கற்றுக்கொண்டது

நீண்ட காலம் இக்கதையைப் பேராசைக்கான எச்சரிக்கை என்று சொல்லியே முடித்துவந்தோம். ஒருநாள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், அவள் பேராசைக்காரி என்றால், தோழிக்குப் பத்தாண்டு உழைத்து ஏன் ஈடு செய்தாள்? ஊரைவிட்டுப் போயிருக்கலாமே?" என்றார். உடனே விடை சொல்ல இயலவில்லை. அன்று மாலை கதையை மீண்டும் படித்தோம். அவர் கேட்டது சரி. மத்தில்து ஆசைப்பட்டவள்தான், ஆனால் நேர்மையற்றவள் அல்லள். கடனைத் தீர்க்கும் நேர்மை அவளிடம் முழுமையாக இருந்தது. இழப்பைச் சொல்லும் துணிவு மட்டும் இல்லை. பேராசை என்ற ஒரு சொல்லால் கதையை மூடியபோது, நாமும் பேழையைத் திறந்து பாராமல் வாங்கி வைத்துக்கொண்டவர்களாகவே இருந்திருக்கிறோம்.

வகுப்பு முடிந்தபின் அம்மாணவர் தனியே வந்து ஒன்று சொன்னார். அவருடைய அக்காவின் நிக்காஹின்போது உறவினர் வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கி அணிவித்திருந்தார்களாம். கூட்டத்தில் அது எங்கோ அறுந்து விழுந்துவிட்டது. விருந்தினர் கலையுமுன்பே அவருடைய உம்மா அவ்வுறவினரை ஓர் ஓரமாக அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கோபப்பட்டார். சில மாதங்கள் பேச்சுக்கூட இல்லை. எடையைக் கேட்டறிந்து, நான்கு தவணைகளில் உம்மா பணத்தைக் கொடுத்து முடித்தார். இப்போது இரு குடும்பமும் பழையபடி இருக்கின்றன.

"இதில் கதை ஒன்றுமில்லை, ஹஜ்ரத். மத்தில்து கதையைக் கேட்டதும் உம்மா நினைவு வந்தது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

"கதை ஆகாமல் போனதே உங்கள் உம்மாவின் சிறப்பு, தம்பி" என்று சொன்னோம்.

முடிச்சு எங்கே விழுகிறது என்று காணப் பழகியவர், கதை வாசிக்கும்போது மட்டும் அதனைக் காண்பதில்லை. தம் நாவு தயங்கும் இடத்திலும் கண்டுகொள்வார். நஹ்வுக்கும் ஸர்ஃபுக்கும் அடுத்து, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒரு நல்ல கதைக்கு நம் கல்லூரிகள் ஒதுக்க வேண்டும் என்று நாம் விழைவது இதனால்தான்.